கேட்டு வாங்காத தண்ணீர்

குடித்துவிடலாம், அதில் என்ன இருக்கிறது, மலையைப் புரட்டவா சொன்னார்கள், ஒரு ஜக்குத் தண்ணீர்தானே... அதுவும் சாதா ஜக்கு இல்லை, மூடி போட்ட கண்ணாடி ஜக்கு, ஃப்ரெடி பெங்களூரிலிருந்து வாங்கிவந்து சாப்பாட்டு மேஜை நடுவில் மாதா சுரூபத்தை வைப்பது போல வைத்துவிட்டுப் போனது. "தினமும் மத்தியானத்துக்குள்ள இது காலியாகணும் டேடி" என்று விரலை நீட்டிச் சொன்னான், பெற்ற அப்பனிடம் விரலை நீட்டுகிறான் பாருங்கள், நானாவது என் அப்பாவிடம் விரலை நீட்டியிருக்கிறேனா, நீட்டியிருந்தால் விரல் மிஞ்சியிருக்குமா. காலையிலிருந்து நானும் இந்த ஜக்கும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். மாத்திரைக்காக ரெண்டு வாய் இறங்கியது, அவ்வளவுதான், அதற்குமேல் தொண்டை மாட்டேன் என்கிறது. இன்றைக்குப் பார்த்து அவன் வருகிறான், மத்தியானம் வந்து என்னை ராபர்ட்சன்பேட்டை லேபுக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைப்பான், ரிசல்ட் போன தடவை மாதிரியே இருந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், அதுதான் பேச்சு, நானும் வாய் தவறிச் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அங்கே எட்டாவது மாடி. லிஃப்டுக்குப் பயமா மாமா, நீங்கதான் கேஜ்ல பூமிக்கு அடியிலேயே போனவராச்சே என்று மருமகள் டீனா சிரிக்கிறாள். பயம் எல்லாம் இல்லை, தங்கச் சுரங்கத்துக் கேஜில் இறங்கினால் கீழே வேலை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், லிஃப்டில் ஏறினால் மேலே என்ன இருக்கிறது, சோபா இருக்கிறது. இந்தத் தண்ணீரைக் கொல்லையில் முருங்கைக்கு ஊற்றிவிட்டால் என்ன... ஊற்றலாம், ஜக்கு ஏமாறும், மகன் ஏமாறுவான், ரத்தம் ஏமாறாதே.

அந்த ஆஸ்பத்திரிப் பெண், பவ்யா, என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லித் தருகிற பெண், நல்ல பெண்தான், குற்றம் சொல்லக் கூடாது, கன்னடத்திலும் தமிழிலும் கலந்து கலந்து பேசுவாள். "அங்கிள், தாகம் எடுத்தா குடிக்கலாம்னு வெயிட் பண்ணாதீங்க, வயசானா தாகம் சரியா தெரியாது, தெரியறதுக்குள்ள உடம்பு காஞ்சிருக்கும்." அப்புறம் கேட்டாள், காலையில் என்ன சாப்பிடுவீங்க? டீயும் ரஸ்க்கும். மத்தியானம்? மத்தியானம்... ஏதோ. ராத்திரி? டீயும் ரஸ்க்கும். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கீரை சாப்பிடுங்க, மோர் குடிங்க, வெள்ளரிக்காய் சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க, ராகிக் கஞ்சி குடிங்க என்று அடுக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, இதையெல்லாம் எனக்கு நீ சொல்ல வேண்டுமா மகளே, நான் சாப்பிட்டு வளர்ந்ததே அதுதானே, முதல் ஷிஃப்டுக்குப் போகும்போது என் வீட்டுக்காரி பியாட்ரிஸ் தூக்கில் வைத்துக் கொடுக்கும் களியும் கீரைக் குழம்பும், வாரத்தில் ஒரு நாள் கருவாடு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வீடு முழுக்க மல்லித்தூள் வறுக்கிற வாசனை... பேத்தமங்களாவிலிருந்து கூடையில் வெள்ளரிக்காயும் முளைக்கீரையும் கொண்டுவரும் கிருஷ்ணம்மா எங்கள் வாசலில்தான் முதலில் கூடையை இறக்குவாள், அவள் தெலுங்கில் ஒரு விலை சொல்ல, பியாட்ரிஸ் தமிழில் ஒரு விலை சொல்ல, கடைசியில் ரெண்டு பேரும் கன்னடத்தில் சிரித்துக்கொள்வார்கள். பிஞ்சு வெள்ளரிக்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவள் தட்டில் வைத்தால் நான் தின்றேன். தட்டு வந்தால் தின்பேன். இப்போது தட்டு வருவதில்லை, ஒரு ஆளுக்காக யார் கீரை ஆய்வது, யார் குழம்பு வைப்பது, அடுப்பைப் பற்றவைத்தால் அந்தச் சத்தமே இந்த வீட்டில் பெரிதாகக் கேட்கிறது. ரஸ்க் பரவாயில்லை, சத்தம் போடாமல் டீயில் ஊறிவிடும்.

தாகம் தெரியாதாம்... எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கீழே சுரங்க லெவலில் இருந்த சூட்டில் பாறையைத் தொட்டால் கை பொத்துப் போகும், நாங்கள் டிம்பர் கேங், மேல் பாறை உட்காராமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை, இடுப்புத் துணியைப் பிழிந்தால் வாளி நிறையும், அங்கேயும்கூட எனக்குத் தாகம் எடுத்தது என்று நானாகப் போய்க் குடித்ததில்லை. மேஸ்திரி "தண்ணி!" என்று ஒரு குரல் கொடுப்பார், கேங் மொத்தமும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வரிசையாகக் குந்துவோம், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கல்லுப்பு, அதை நாக்கில் வைத்துக்கொண்டு குவளைத் தண்ணீர், காப்பிச் சூட்டில் இருக்கும் தண்ணீர். தனியாகப் போய்க் குடிக்கிறவனுக்குச் சதை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், உண்மையோ பொய்யோ, எவனும் தனியாகக் குடிக்க மாட்டான். தங்கவேலு எனக்கு ஊற்றுவான், நான் தங்கவேலுவுக்கு ஊற்றுவேன். அடுத்த வீட்டுக்காரன், ஒரே கேங், ஒரே கேஜில் இறங்கி ஒரே கேஜில் ஏறியவர்கள். நெஞ்சில் தூசி அடைத்துப் பாவி முந்திக்கொண்டான். அவன் ஊற்றினால் குடித்தேன், மேஸ்திரி கத்தினால் குடித்தேன், என் தாகம் என்று ஒன்று எனக்குள் இருந்ததா, அது மேஸ்திரியிடம்தான் இருந்ததா?

மேலே வந்தால் பியாட்ரிஸிடம் இருந்தது. இந்த மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆம்பிளை வாயைத் திறந்து தண்ணீர் கேட்கக் கூடாது, அவன் வாசலில் கால் வைக்கும்போது டம்ளர் அவன் கைக்கு வந்திருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகுதான் பேச்சு. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான் என்று ஒருவனைப் பற்றித் தெருக்குழாயடியில் பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டுக்காரிக்கு அதைவிட அவமானம் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் என்னய்யா அடிமைத்தனம் என்பார்கள், டீனா அப்படித்தான் சொன்னாள், சொல்லட்டும், அவளுக்கு அந்தப் பகல்கள் தெரியாது. திடீரென்று தரை ஒரு குலுக்குக் குலுக்கும், அலமாரியில் தட்டுகள் சரியும், கீழே எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம், யார் வீட்டுக்காரன், யார் அண்ணன் என்று தெரியாமல் பெண்கள் எல்லோரும் போட்டது போட்டபடி சுரங்க வாய்க்கு, ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். குலுங்காத நாளில்கூட அவர்களுக்கு ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதுகிற வரைக்கும் உயிர் கையில்தான். சங்கு ஊதிவிட்டால் பியாட்ரிஸ் டம்ளரோடு வாசலுக்கு வந்துவிடுவாள், நான் அண்ணாந்து குடிப்பேன், என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள், காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். ஒரு நாள் தப்பியதில்லை. சண்டை போட்ட நாளிலும் டம்ளர் வரும், முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். மைனை மூடிய பிறகு வயிற்றுப்பாட்டுக்காகப் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கு ரயிலில் போய்வந்தேனே, மாரிகுப்பத்தில் இறங்கி நடந்து வரும்போது லைனே தூங்கிப் போயிருக்கும், எங்கள் வாசலில் மட்டும் அவள் நிழல் தெரியும், கையில் டம்ளர். பெரிய கம்பெனி ஆளுக்கெல்லாம் அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது, எனக்குக் கிடைத்தது, நான் ராஜா மாதிரி வாழ்ந்தேன், ஆமாம், சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்.

அதனால்தான் அன்றைக்கு... ஃப்ரெடியிடம் கால் இடறிவிட்டது என்று சொன்னேன். ரோடு சரியில்லை என்று சொன்னேன். அவனும் முனிசிபாலிட்டியைத் திட்டினான், திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் ரோடு என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆண்டர்சன்பேட்டை பேக்கரிக்குப் போய் ரஸ்க் வாங்கிக்கொண்டு ஏப்ரல் வெயிலில் நடந்து வந்தேன், காலையிலிருந்து ஒரு டீ, தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சைனைட் மேட்டுப் பக்கமிருந்து சூடான மண்காற்று, கண் கூசியது, வீடு வந்து சேர்ந்தேன், வாசலில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கதவில் பூட்டுத் தொங்குகிறது, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, அது எனக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும், ஆனாலும் நிற்கிறேன், கை லேசாக நீண்டிருக்கிறது, இன்னும் வரவில்லையே, அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள், வந்துவிடுவாள் என்று... எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் தரை பக்கத்தில் வந்தது. கண்ணைத் திறந்தால் கையில் ஊசி, தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில், உடம்பில் தண்ணீரே இல்லை என்று டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். அந்த வார்டிலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தேன், நர்ஸ் போகிறாள் வருகிறாள், பக்கத்துக் கட்டில்காரர் சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டு வாங்கி வாங்கிக் குடிக்கிறார், எனக்கு வாய் வரவில்லை. ஏன் அங்கிள் கேட்கவில்லை என்று பவ்யா கேட்டாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது, கேட்டால் பியாட்ரிஸுக்கு அவமானம் என்றா, போன வருஷமே கல்லறைக்குப் போய்விட்டவளுக்கு இனிமேல் என்ன அவமானம் என்று அவள் கேட்பாள்.

கொல்லைக் கதவு திறக்கிற சத்தம். தாயம்மாதான், தங்கவேலு சம்சாரம், அவள் தட்டிவிட்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கையில் சொம்பு, மேலே ஒரு தட்டு, தட்டில் உரித்த சின்ன வெங்காயம். கேழ்வரகுக் கஞ்சி, மோர் விட்டுக் கரைத்தது, வாசனையே சொல்லிவிட்டது. ஜக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சொம்பை மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"இன்னாண்ணே, ஜக்கு அப்டியே கீது? பிள்ள வர்ற நேரமாயிடுச்சி, இன்னும் பூசைக்கு வெச்ச மாதிரி பாத்துகினு குந்தியிருக்கீங்க?"

"தொண்டையில எறங்கல தாயம்மா."

"எறங்கலன்னா பெங்களூருக்குப் போங்க. அந்தாண்ட வூடு பூட்டிட்டாங்க, இந்தாண்ட ஈவ்லின் வூடும் பூட்டியாச்சி, நீங்களும் பூட்டிகினு போனா நான் செவுத்துகிட்டதான் பேசணும்."

கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் வழுக்கியது, அதை மறைக்க வெங்காயத் தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. இந்த லைனில் அடுத்தடுத்து இருந்த வீடுகளில் விளக்கு எரிகிறது எங்கள் ரெண்டில்தான், நான் போனால் இவள் இருட்டில் ஒற்றை வீடு. அதை இவ்வளவு நாள் நான் நினைத்துப் பார்க்கவில்லை, எனக்கு என் பூட்டு, என் சாவி, என் வாசல். "நீங்க ஏன் அன்னைக்கு வாசல்ல நின்னீங்கன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்று திடீரென்று சொன்னாள். நான் நிமிரவில்லை. "ஃப்ரெடிகிட்ட நான் சொல்லல. கையி நீட்டிகினே இருந்தீங்க. நான் வந்து தூக்குறப்பகூட அந்தக் கையி மடங்கல."

கைக்கு ஏதாவது வேலை வேண்டும், நான் எழுந்து அலமாரியிலிருந்து ரெண்டு டம்ளர் எடுத்தேன், ஜக்கின் மூடியைத் திறந்து ரெண்டிலும் ஊற்றினேன். தனியாகக் குடித்துப் பழக்கமில்லை தாயம்மா, கேங்கில் எவனும் தனியாகக் குடிக்க மாட்டான், உன் புருஷனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், நீ குடி, நானும் குடிக்கிறேன் என்று ஒரு டம்ளரை அவள் பக்கம் நீட்டினேன். எனக்கா என்றாள். பின்னே முருங்கைக்கா என்றேன். சிரித்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், பால் கொடுத்தால்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். "ஒரு ஆம்பள ஊத்திக் குடுத்து நான் தண்ணி வாங்குறது இதான் மொதல்ல" என்றாள். தங்கவேலு கொடுத்ததில்லையா என்று கேட்டேன், நல்லா கேட்டீங்க போங்க என்றாள், கோபமாக இல்லை, ஒரு பழைய வேடிக்கையைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"பகல்ல நாங்க எங்கண்ணே தண்ணி குடிச்சோம்? கக்கூஸ் லைன் கோடில இருந்துச்சி, ஆம்பளைங்க ஷிஃப்ட்டுக்குப் போறதும் வர்றதுமா இருப்பீங்க, இருட்டினாத்தான் பொம்பளைங்க போவ முடியும். நானும் பியாட்ரிஸ் அக்காவும் கையப் புடிச்சிகினு ஒண்ணா போவோம். குடிச்சா அடக்கணுமே, அதுக்குப் பயந்துகினு குடிக்கறதே இல்ல. விடியக்காலம் ஒரு டீ, அதோட சரி."

"அப்புறம் வூட்டுக்குள்ளயே கட்டினோமே?"

"கட்டினீங்க, அதுக்குள்ள ஒடம்பு பழகிப்போச்சே" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், "கஞ்சி ஆறிப்போவுது, குடிங்க" என்று கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நான் என் டம்ளரை எடுத்தேன், வாய்வரை கொண்டுபோனேன்... கக்கூஸ் கோடியில் இருந்தது எனக்குத் தெரியாதா, தெரியும், நானும்தான் போனேன், எந்த நேரத்திலும் போனேன், பீடி பற்றவைத்துக்கொண்டு போனேன். பியாட்ரிஸ் எப்போது போனாள் என்று நினைத்ததே இல்லை. அதை விடு, பியாட்ரிஸ் தண்ணீர் குடித்தது எப்போது? சும்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் டம்ளரை உதட்டில் வைத்ததை நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். வாசலில் நிற்கிறாள், டம்ளர் என் கையில். வேளாங்கண்ணிக்குப் போன ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பாட்டில், எனக்கு மூடியைத் திறந்து கொடுக்கிறாள், ஃப்ரெடிக்குத் திறந்து கொடுக்கிறாள், மூடுகிறாள். கிறிஸ்மஸ் விருந்து, எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே நடக்கிறாள், அவள் எப்போது உட்கார்ந்தாள், உட்கார்ந்தாளா? குழாயடியில் குடம் குடமாகச் சுமந்து வருகிறாள், முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. தண்ணீர் எல்லா இடத்திலும் இருக்கிறது, அவள் கையில், இடுப்பில், முந்தானையில், வாயில் மட்டும் இல்லை. அவள் மூக்குத்தி நினைவிருக்கிறது, சிரித்தால் ஒரு பல் தெற்றித் தெரிவது நினைவிருக்கிறது, கோபத்தில் என்னை மாணிக்கம் என்று பாதிப்பெயரில் கூப்பிடுவது காதிலேயே இருக்கிறது, இது மட்டும் எப்படி ஒன்றுகூட இல்லாமல் போகும்? கடைசியில் படுத்திருந்தபோது... அப்போதும் வாய் நனைக்கத்தான் விட்டார்கள், கிட்னி போய்விட்டது, தண்ணீர் கூடாது என்று. வாய் நனைத்தேன், பஞ்சில். அவள் கேட்கவில்லை. அவளும் கேட்கவே இல்லை. ஐயோ பியாட்ரிஸ், என்னடி இது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன கடித்தா தின்றிருப்பேன், கையைப் பிடித்துக்கொண்டு கோடிவரைக்கும் நான் வந்திருக்க மாட்டேனா.

போன் அடித்தது. டம்ளரைக் கீழே வைக்காமலே இன்னொரு கையால் எடுத்தேன். ஃப்ரெடி. பங்காரப்பேட்டை தாண்டிவிட்டேன், பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறேன், ரெடியா இருங்க என்றான், பின்னாலேயே, "தண்ணி குடிச்சீங்களா டேடி? உண்மையச் சொல்லுங்க" என்றான். குடித்தேன் என்று பொய் சொல்லலாம், குடிக்கவில்லை என்று உண்மையும் சொல்லலாம், வாயில் வந்தது வேறு.

"ஃப்ரெடி, உங்க மம்மி தண்ணி குடிச்சி நீ பாத்திருக்கியா?"

"இன்னா டேடி?"

"தண்ணி. அவ குடிச்சி. ஒரு தடவையாவது."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று. பெட்ரோல் பங்க்கில் யாரோ கன்னடத்தில் வண்டியை நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் நகர்த்தியதாகத் தெரியவில்லை. ஹலோ, ஹலோ, லைனில் இருக்கிறாயா என்று நான் ரெண்டு தடவை கேட்டேன்.

"இருக்கேன் டேடி" என்றான், குரல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருந்த குரல், "யோசிச்சிகினு இருக்கேன்."